கொத்துப்பட்ட கோழியும் கொத்திய கோழியும்

சென்ற மழைக்காலத்தில் பெங்களூரு ஆஸ்டின் டவுனைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, காய்கறிக் கூடையில் பழைய துண்டைப் போட்டு மூடி, ஒரு கறுப்புப் பெட்டைக்கோழியை என்னிடம் கொண்டுவந்தார். வாலடியிலிருந்து பாதி முதுகு வரை இறகே இல்லை. தோல் உரிந்த இடத்தில் பூசிய மஞ்சளும் தேங்காயெண்ணெயும் ஓரத்து இறகுகளோடு ஒட்டிக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தன. "இது மூணாவது தடவை டாக்டரம்மா. ஆற வச்சு உள்ளே விடுறேன், மறுநாளே கொத்திப் போட்டுடுதுங்க" என்றார். புண் ஒவ்வொரு முறையும் ஆறத்தான் செய்திருக்கிறது. ஆகவே அது திரும்பிப் போன கூண்டையும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் காயம். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கொண்டையில் சிறு கீறல் பட்டாலும் ரத்தம் நிறைய வரும், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துப் புண்ணைக் கழுவி, பால் கலக்காத இளந்தேநீரின் நிறம் வரும்வரை நீர் சேர்த்த போவிடோன் அயோடின் கிருமிநாசினியைத் தடவினால் பெரும்பாலான மேற்காயங்களுக்கு அதுவே போதும். எண்ணெய்ப் பூச்சை நான் விரும்புவதில்லை. தூசியும் எச்சமும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால், காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்ப்பது கட்டாயம். புழு தென்பட்டாலோ, வயிற்றுத் தசை கிழிந்திருந்தாலோ, ஆசனவாய் வழியே குடல் வெளியே தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பவர்கள் இந்த நகரில் ஏராளம். பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததால் 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, கோழிக்கும் ஆபத்தானதே. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அதன் எச்சம் முட்டையில் இறங்கும். எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கேட்டறியாமல் தொடங்கக் கூடாது.

அவருடைய மொட்டைமாடிக்குப் போனபோது, தகரக் கூரையின்கீழ் ஆறடிக்கு நாலடிக் கூண்டில் ஒன்பது கோழிகள் இருந்தன. அடைத்தே வளர்ப்பதாக இருந்தால் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது வேண்டும். அங்கே மூன்றுகூட இல்லை. தீவனத் தட்டு ஒன்றுதான். அதன்முன் ஒரு கிரிராஜா பெட்டை கால் பரப்பி நின்றுகொண்டு, நெருங்கியவற்றின் தலையில் ஒரு கொத்து வைத்து விரட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு ஹெப்பாளில் உருவாக்கப்பட்ட அந்த இனம் நாட்டுக்கோழியைவிட எடை மிகுந்தது. இரண்டையும் நெருக்கி அடைத்தால் யார் தோற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தட்டில் இருந்ததோ பழைய சோறு மட்டும். புரதமும் உப்புச்சத்தும் குறைந்தால் கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கித் தின்னத் தொடங்கும். போதாக்குறைக்கு, திருட்டுப் பயத்தால் மாட்டிய எல்.ஈ.டி. விளக்கு இரவு முழுக்க எரிந்து அவற்றைத் தூங்கவிடாமல் செய்திருந்தது.

கோழிக் கூட்டத்தில் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரூப் எப்பே 1921-இலேயே இதை விவரித்துவிட்டார். வரிசையை நிலைநாட்ட விழும் ஓரிரு கொத்துகளில் நாம் தலையிடக் கூடாது. ரத்தம் தெரிந்துவிட்டால் நிலைமை வேறு: சிவப்பைக் கண்டதும் வம்புக்கே போகாத கோழியும் வந்து கொத்தும். புதிதாக முளைக்கும் குருத்திறகுக்குள் ரத்தம் இருப்பதால், ஆறிவரும் முதுகே மறுபடி இலக்காகிறது. முட்டையிட்ட கையோடு ஆசனவாயின் சிவந்த உட்சவ்வு சில நொடிகள் வெளியே தெரியும்; அப்போது பிற கோழிகளின் கண்ணில் படாதிருக்க, முட்டைப் பெட்டியின் வாயில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்குங்கள்.

அடிபட்ட கோழியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடித்ததை அதன் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. பத்து நாள் கழித்துத் திரும்பும் கோழி, மற்றவற்றுக்கு அந்நியக் கோழியாகிவிடுகிறது. முதலாளி கோழியோ முன்னிலும் உறுதியாக நிற்கிறது. ஆகவே கிரிராஜாவை ஒரு வாரம் கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். கறுப்பியைக் கூண்டிலேயே கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் விட்டோம். பார்க்கலாம், கொத்த முடியாது. இரண்டு தட்டுகளை எதிரெதிர் மூலைகளில் வைத்து முட்டைக்கோழித் தீவனம் போட்டார், கீரைக்கட்டு ஒன்றைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டார், விளக்கை அணைத்தார், இரண்டு கோழிகளைத் தங்கைக்குக் கொடுத்தார். "அலகு நுனியை நகவெட்டியால நறுக்கிடவா?" என்றும் கேட்டார். அலகில் நரம்பும் ரத்தமும் உண்டு, வலியில் தீவனம் எடுக்காது, வேண்டாம் என்று தடுத்தேன்.

முதுகில் மேல்தோல் முழுவதும் மூடிய பிறகு, ஓர் இரவு கோழிகள் பரணில் அடைந்ததும் தடுப்பை எடுத்துவிட்டுக் கறுப்பியை நடுவில் உட்கார்த்தினார். மறுநாள் இரண்டொரு கொத்து விழுந்தது, ரத்தம் வரவில்லை. கிரிராஜா திரும்பி வந்தபோது தட்டருகே வேறொரு பெட்டை நின்றிருந்தது. கிரிராஜா மற்றத் தட்டுக்குப் போய்விட்டது.