தோலோடு நொதிக்கும் கிசி

வெள்ளை ஒயினுக்கு வழக்கமாகத் திராட்சையைப் பிழிந்தவுடன் தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சாற்றை மட்டுமே நொதிக்க விடுவார்கள். ஜார்ஜியா நாட்டின் கிழக்கிலுள்ள ககேட்டி வட்டாரத்தின் பழைய வழக்கம் வேறு. கிசி என்னும் பச்சைத் திராட்சை அந்நாட்டுக்கு வெளியே அதிகம் அறியப்படாதது. அதை நசுக்கி, தோல், விதை, சில வேளைகளில் காம்பு ஆகியவற்றோடு சேர்த்தே க்வெவ்ரி எனப்படும் மண்தாழியில் இட்டு, ஐந்தாறு மாதங்கள் விட்டுவைப்பார்கள். வெளிவரும் ஒயின், பால் கலக்காத தேநீரின் நிறத்தில் இருக்கும்.

முட்டை வடிவிலான அந்தத் தாழி, உட்புறம் தேன்மெழுகு பூசப்பட்டுக் கழுத்து வரை நிலத்தில் புதைந்திருக்கும். முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதாகத் தோன்றாது. தோலிலும் ஆலையிலும் இயல்பாகவே இருக்கும் ஈஸ்டுகள் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போது எழும் வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. மேலெழும் வாயு தோல்களையும் உடன் தூக்கிவந்து மிதக்கவிடுவதால், அவை காய்ந்து புளித்துவிடாதபடி நாள்தோறும் பலமுறை கோலால் அமுக்கிவிட வேண்டும். நொதித்தல் ஓய்ந்ததும் தோல்கள் தாமே அமிழ, தாழியின் வாய் மூடப்படுகிறது. இம்முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இம்முறையே 8,000 ஆண்டுப் பழமையானது என்பாரும் உண்டு. ஜார்ஜியாவில் ஏறத்தாழ அவ்வளவு பழமையான பானையோடுகளில் ஒயினின் எச்சம் கண்டறியப்பட்டது உண்மையே. ஆயினும் அது ஒயினின் தொன்மைக்குச் சான்றாகுமே தவிர, தோலோடு நொதிக்கவைத்ததற்கு அன்று.

நிறம் எங்கிருந்து வருகிறது? பச்சைத் திராட்சையின் தோலில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி இல்லை. கேட்டகின்கள், டானின்கள் என்னும் துவர்ப்பூட்டும் சேர்மங்கள் உண்டு. ஊறும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஆல்கஹால் இவற்றைக் கரைத்தெடுக்க, ஆக்சிஜன் பட்டு அவை பழுப்பேறுகின்றன. பறித்த தேயிலை கறுப்பதிலும் கேட்டகின்களுக்கே பங்கு. அங்கே நொதிகள் அவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. இப்படி ஆக்சிஜனைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளும் டானின்கள் ஒயினுக்கும் ஓரளவு காப்பாக அமைவதால், இயற்கை ஒயின் தயாரிப்போர் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடை மிகக் குறைவாகச் சேர்க்கவோ முற்றிலும் தவிர்க்கவோ முடிகிறது. ஆனால் அதே தோலிலிருந்து இறங்கும் பொட்டாசியம், டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து படிகமாகி, புளிப்பைக் குறைத்துவிடுகிறது. புளிப்புக் குறைந்தால் வேண்டாத நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே டானினை நம்பியிருப்பதைக் காட்டிலும் தாழியைத் தேய்த்துக் கழுவுவதே முதன்மையானது என்பேன்.

வாயில் எஞ்சும் துவர்ப்பை நாம் அறுசுவையுள் ஒன்றாகக் கொள்கிறோம். உடலியலாளர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவுணர்வாகவே கருதுகிறார்கள். உமிழ்நீரிலுள்ள வழவழப்பான புரதங்களை டானின்கள் பற்றித் திரளச் செய்வதால் நாக்கு வறண்டு இழுப்பதுபோல் தோன்றுகிறது. குளிர்ச்சி அந்தத் துவர்ப்பை மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், மற்ற வெள்ளை ஒயின்களைப் போல் சில்லிட வைக்காமல் நிலவறையின் குளுமையிலேயே கிசியைப் பரிமாறுவது நல்லது.