ஓடாத வண்டியும் தேயும்: கடலோர நகராட்சியின் வண்டிக் கணக்கு

ராமேஸ்வரம் ரத வீதிகளில் ஒரு காம்பாக்டர் லாரி காலையில் குப்பை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தடி நகரும், நிற்கும். தொட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பதும் குப்பையை நசுக்குவதும் ஹைட்ராலிக் பம்பின் வேலை. அந்தப் பம்பும் அதே எஞ்சினின் சக்தியில்தான் ஓடுகிறது; வண்டி நின்றாலும் எஞ்சினை அணைக்க முடியாது. நாலு மணி நேரம் இப்படி உழைத்தாலும் மீட்டரில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடியிருந்தால் அதிகம். லாக் புக்கைப் புரட்டுகிறவர், 'இந்தத் தூரத்துக்கு இவ்வளவு டீசலா?' என்று டிரைவரைத்தான் சந்தேகப்படுவார்.

தப்பு கிலோமீட்டரை நம்புவதில் இருக்கிறது. கனரக டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தாலே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை குடிக்கும். தேய்மானத்தைப் பார்த்தால், ஒரு மணி நேர ஐடிலிங் (நின்றபடி எஞ்சின் ஓடுவது) சுமார் 40, 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம் என்பது பராமரிப்புத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. அதனால்தான் ஜேசிபிக்கும் ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்கில் சர்வீஸ் செய்கிறார்கள். குப்பை லாரியையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ஜி.பி.எஸ். பொருத்தினால் வண்டி எங்கே போனது என்பதோடு நிற்காமல், எஞ்சின் ஓடியும் சக்கரம் சுழலாத நேரத்தையும் பார்க்க வேண்டும். அதில் பம்புக்கு ஓடியது எவ்வளவு, டீக்கடை வாசலில் அணைக்காமல் விட்டது எவ்வளவு என்று பிரித்தால் டிரைவர் மேல் விழும் பழியில் பாதி கழன்றுவிடும்.

இது எந்த ஊருக்கும் பொருந்தும். ராமநாதபுரம் கடற்கரைக்கு உப்பு என்று இன்னொரு கணக்கு உண்டு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபம் என்ற கடலோர ஊரில் தனி நிலையமே வைத்தது. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு வண்டியின் அடிச்சட்டமான சேஸின் உட்பக்கத்திலும் ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கிலும் பிரேக் பைப் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது இன்னும் முன்னாலேயே கசியத் தொடங்கிவிடும். ஆக, ஒரு துளி மழை இல்லாமலேயே இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரானை இழந்து கரைய, பக்கத்திலேயே ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. இரும்புக்குக் காப்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடுத் தோலைக் குளோரைடு துளைத்துவிடுகிறது. வண்டி ஷெட்டில் நின்றாலும் இது நிற்காது. குப்பையிலிருந்து வடியும் புளித்த தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, தினமும் கழுவிவிட்டால்? எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. இந்தக் கரையில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் பழைய உப்பை எடுத்துவிட்டுப் புது உப்பைப் பூசுகிறோம், அவ்வளவுதான். குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கும் மாவட்டத்தில் நல்ல தண்ணீரைத் தாராளமாகக் கொட்டவும் முடியாது. கிடைப்பதை அழுத்தத்தில் அடிப்பாகத்துக்கு மட்டும் அடித்து, நன்றாக உலரவிட்டு, கிரீஸ் வைப்பது மேல். கதவில் இருக்கும் நகராட்சியின் பெயர் கொஞ்சம் மங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்புறம் பாதை. எல்லாத் தெருவையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு சந்திப்பிலும் சேரும் தெருக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று 1736-லேயே கணித மேதை ஆய்லர் காட்டினார். கோயிலைச் சுற்றிய நாலு வீதிகளை மட்டும் எடுத்தால் இது சரியாக வரும். கடலை நோக்கிப் போய் முடியும் மீனவர் தெருக்களில் வராது. முட்டுச்சந்துக்குள் நுழைந்த லாரி வந்த வழியே திரும்பியாக வேண்டும். அங்கே சின்ன பேட்டரி வண்டியை உள்ளே அனுப்பி, லாரியைத் தெரு முனையில் நிறுத்துவது லாபம். பேட்டரி வண்டி நிற்கும்போது டீசல் செலவு கிடையாது. அதன் செம்பு வயர் இணைப்புகள் உப்பில் அரித்துப் பச்சை பூக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தை மனதில் வைத்து வண்டி வாங்கினால், மீதி நாளெல்லாம் அவை நின்றே துருப்பிடிக்கும். அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பதும் பக்கத்து நகராட்சியிடம் இரவல் கேட்பதும் மலிவு. சொந்த வண்டிகளின் பெரிய சர்வீஸை அதற்கு முந்தைய வாரங்களில் முடித்துவிட வேண்டும்.

ஒரு லாரியை எப்போது கழிப்பது? வாங்கிய விலையை வயதால் வகுத்தால் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வரும். பழுதுச் செலவு ஏறும். இரண்டையும் கூட்டி வரும் ஆண்டுச் சராசரி முதலில் இறங்கி, ஒரு கட்டத்தில் திரும்ப ஏறும். அது திரும்பும் இடம்தான் சரியான வயது. 15 ஆண்டைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. ஆனால் அது கடைசி எல்லை மட்டுமே. உப்புக் காற்றில் பழுது சீக்கிரமே ஏறுவதால், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பரமக்குடியைவிட ராமேஸ்வரத்தில் அதே மாடல் லாரிக்கு அந்த வயது முன்னதாக வரும். எவ்வளவு முன்னதாக என்று தெரிய, எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே பில் போடுவதை விட்டுவிட்டு, மாற்றிய ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையையும் வண்டி எண்ணோடு எழுதிவைக்க வேண்டும்.