ஓவர்கிளாக் செய்யப்போகிறவர்கள் மதர்போர்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு, சென்ற ஏப்ரலில், அல்சூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் தம் கணினியை ஆட்டோவில் மடியில் வைத்தபடி கொண்டுவந்தார். "அண்ணா, கேம் இருபது நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் திக்கித் திக்கி நிக்குது. கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா?" என்று கேட்டார். ஓவர்கிளாக், அதாவது புராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, செய்து தர முடியுமா என்றும் கேட்டார்.

கார்டில் குறையில்லை. சுமை கொடுத்து ஓடவிட்டபோது, 5.3 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஐ7-13700கே புராசஸர் திடீரென 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்தது. ஆனால் புராசஸரின் சூடு 80 டிகிரியைத் தாண்டியிருக்கவில்லை. கேபினட்டின் கண்ணாடியைக் கழற்றி, புராசஸர் அமரும் சாக்கெட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டைகளின் பக்கம் வெப்பமானியைக் காட்டினேன்: 112 டிகிரி. அவற்றின் மேல், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் என்று சொல்ல ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லை.

அந்தப் பகுதிக்குத்தான் விஆர்எம் என்று பெயர். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் புராசஸருக்குத் தேவையான ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. 13700கே புராசஸருக்கு இன்டெல் குறித்துள்ள உச்ச மின்நுகர்வு 253 வாட், அதை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 200 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். குளியலறை கீசரின் பிளக்கே 16 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது விளங்கும். இந்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 25 வாட் வெப்பம் அங்கேயே தேங்குகிறது. சூடு எல்லை மீறியதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் புராசஸரின் வேகத்தைக் குறைக்கிறது. நம் மாணவர் 'திக்குகிறது' என்று சொன்னது இதைத்தான்.

நிலைமையை மோசமாக்கியது, அவர் ஆசையாக வாங்கிய லிக்விட் கூலர். சாதாரண ஏர் கூலரின் விசிறி, புராசஸரைக் குளிர்விக்கும்போதே சுற்றியுள்ள விஆர்எம் மீதும் கொஞ்சம் காற்றை வீசும். லிக்விட் கூலரில் விசிறிகள் கேபினட்டின் மேல்தட்டுக்குப் போய்விடுவதால் அந்தக் காற்றும் நின்றுபோகிறது. ஒரு சிறிய 80 மில்லிமீட்டர் விசிறியை விஆர்எம்மை நோக்கிக் கட்டியதும் சூடு 90 டிகிரிக்கு இறங்கியது, திக்கலும் நின்றது. ஆனால் அவர் கேட்ட ஓவர்கிளாக் அந்தப் போர்டில் நடக்காது. இன்டெல்லில் புராசஸரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி எண்ணை ஏற்றுவதற்குப் பெயரின் இறுதியில் 'கே' உள்ள புராசஸரும், இசட்690, இசட்790 போன்ற இசட் வரிசைச் சிப்செட்டும் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) சேர்ந்தே இருக்க வேண்டும். அவருக்கு விற்கப்பட்டதோ பி660. அதில் ஏற்றக்கூடியது ரேமின் வேகம் மட்டுமே. "இதிலும் ஓவர்கிளாக் ஆகும்" என்று விற்றவர் சொன்னது அந்த அளவுக்குத்தான் உண்மை. ஏஎம்டியில் பி650, எக்ஸ்670 இரண்டுமே ஓவர்கிளாக்கை அனுமதிக்கும். ஏ620 சிப்செட்டோ புராசஸரை ஓவர்கிளாக் செய்ய அனுமதிக்காது.

பெட்டியின் மேல் '16 ஃபேஸ்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஃபேஸ் என்பது விஆர்எம்மில் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு மின்பாதை; எட்டு ஃபேஸை இரட்டித்துப் பதினாறு என்று எண்ணும் வழக்கம் உண்டு. அந்தப் பாதையில் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் 50 ஆம்பியர் தாங்குமா, 90 ஆம்பியர் தாங்குமா என்பதே முக்கியம். கனமான ஹீட்சிங்க்கும், புராசஸருக்கென இரண்டு 8 பின் மின்இணைப்புகளும் உள்ள போர்டாக இருந்தால் பாதிக் கவலை தீரும். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே கொடுங்கள் என்பேன். வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

போர்டு நல்லதாகவே இருந்தாலும், அதை இயக்கும் உள்மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காமல் எதையும் ஏற்றக் கூடாது. 2023 ஏப்ரலில், ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி புராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகின. ரேமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியபோது, புராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜ் அளவுக்கு மீறி ஏறியது தெரியவந்து, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் வரம்பு விதித்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் புராசஸர்கள் அதிக வோல்ட்டேஜால் நிலைகுலைந்ததற்கு 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (புராசஸரின் உள்கட்டளைகள்) திருத்தம் வந்தது. அது பயாஸ் வழியாகத்தான் போர்டுக்குள் போகும். மாணவரின் போர்டில் இருந்ததோ 2022ஆம் ஆண்டின் பயாஸ்.

ரேமைப் பொறுத்தவரை, அது டிடிஆர்5 வகை என்றால் நான்கு இடங்களையும் நிரப்பாமல் இரண்டு குச்சிகளோடு நிறுத்துங்கள். நான்கு போட்டால் வேகம் இறங்கிவிடும்.

இறுதியில் அந்தப் பி660ஐப் பாதி விலைக்கு விற்றுவிட்டு அவர் ஓர் இசட்790 போர்டு வாங்கினார், இம்முறை நானும் உடன் போயிருந்தேன். பணம் கொடுப்பதற்கு முன் கவுன்டரிலேயே சாக்கெட் மூடியைத் திறக்கச் சொல்லி, கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பின்களை வரிசை வரிசையாகப் பார்க்க வைத்தேன். அங்கே ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி கிடைக்காது. வெளியே வந்த பிறகு, அது ஏற்கெனவே வளைந்திருந்தது என்று எவரிடமும் நிரூபிக்கவும் முடியாது.