மூச்சடக்கத் தெரிந்தவர்களே, கொஞ்சம் கேளுங்கள்

தீபாவளி கழிந்து வந்தவர்களில் இவர் மூன்றாவது. மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமம். காதுக்குள் விளக்கைப் பிடித்தால் செவிப்பறையில் மிளகளவு ஓட்டை, விளிம்பில் உறைந்த ரத்தம். திருகோணமலைப் பக்கம் மூழ்கிய கப்பலைப் பார்க்க ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு மூழ்கப் போனாராம். "சளி இருந்ததா?" "லேசாகத்தான், டாக்டர்."

காதுக்குக் காற்று போகும் வழியை அடைக்க லேசான சளியே போதும். 4 மீட்டரில் காது கிழிந்து, உள்ளே நீர் புகுந்து, தலை சுற்றியிருக்கிறது. கலங்கலில் பயிற்சியாளரும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சை இறுக்கிக்கொண்டு விர்ரென்று மேலே வந்திருக்கிறார். "மதகிலிருந்து குதித்து வளர்ந்தவன், டாக்டர். 2 நிமிடம் மூச்சடக்குவேன்" என்று பெருமை வேறு.

ஐயா, உங்களைக் கொல்லப்போவது அந்தப் பழக்கம்தான். காவிரியில் முக்குளிக்கும்போது கரையில் இழுத்த காற்றோடு போகிறீர்கள். உள்ளே அது சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவுக்கே விரியும். சிலிண்டர் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்தது மேலே வரும்போது இரு மடங்காகும். வாயை மூடிக்கொண்டால் அது எங்கே போகும்? நுரையீரலைக் கிழித்து, ரத்தத்தில் குமிழியாக ஏறி, மூளையை அடைக்கும். ஆற்றையே பார்க்காதவர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சு விட்டுக்கொண்டே வருவார். பதறியதும் வாயை இறுக்குபவர் நீங்கள்தான்.

பருவத்தையும் பாருங்கள். இலங்கையின் கிழக்குக் கரை தெளிந்திருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. ஐப்பசியில் அங்கேயும் நம் கொள்ளிட முகத்துவாரம் போலத்தான். நம் பூம்புகாருக்கு எதிரேயும் 1791, 1792 என்று பொறித்த ஈயக் கட்டிகளோடு ஒரு கப்பல் கிடக்கிறது. அது ஆய்வாளர்கள் இறங்கிய இடம், தயவுசெய்து என்னிடம் வழி கேட்காதீர்கள்.

சளி இருந்தால் இறங்காதீர்கள். மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டும் வேண்டாம், அதன் வேகம் ஆழத்தில் இருக்கும்போது தீர்ந்துவிடும். காது வலித்தால் ஏறிவிடுங்கள். நாலைந்து முறை மூழ்கியவர்கள், உடலில் கரைந்த காற்று குமிழியாகாமல் வெளியேற, 18 மணி நேரமாவது கழித்து விமானம் ஏறுங்கள். ஊர் திரும்பியதும் அந்தக் குமிழியால் மூட்டு வலித்தாலோ மரத்துப்போனாலோ, எந்த மருத்துவரிடமும் முதல் வார்த்தையாக 'கடலில் மூழ்கினேன்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வலி ஊசி போட்டு அனுப்பிவிடுவோம். வயல்வேலை செய்த மூட்டுகளைப் பார்த்தே பழகியவர்கள் நாங்கள்.

"ஐப்பசிக் கடைசி நாள், கடைமுகத்துக்காவது காவிரியில் முழுக்குப் போடலாமா?" என்று கேட்டார். துலாக்கட்டத்துப் படியில் உட்கார்ந்து கையால் தெளித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.