சமூக அறிவாற்றல் அல்ல, குறிப்பறிதல்

தலையில் அடிபட்டவர்களின் சோதனை அறிக்கையில் 'சமூக அறிவாற்றல் குறைவு' என்று எழுதும் வழக்கத்தை இனியாவது விட்டுவிட வேண்டும். சோஷியல் காக்னிஷனுக்கு இதுதான் தமிழாம். எதிரில் இருப்பவரின் முகம், குரல், பேச்சின் உட்பொருள் இவற்றைக் கொண்டு அவர் மனத்தில் ஓடுவதை உணர்ந்து நடந்துகொள்வதே அந்தச் சொல்லின் பொருள். லத்தீனில் 'சோசியஸ்' கூட்டாளி, 'காக்னோஸ்கெரே' அறிந்துகொள்ளுதல், அவ்வளவுதான்.

கொங்கு நாட்டில் 'சமூகம்' என்றதும் நினைவுக்கு வருவது சாதி. அடுத்தது பள்ளிக்கூடத்துச் சமூக அறிவியல். 'அறிவாற்றல்' அதைவிடக் கெடுதல். பெருந்துறைப் பக்கம் பைக் விபத்தில் முன்மூளையில் அடிபட்ட என் உறவினர் ஒருவர், தறிக் கூலிக் கணக்கை இன்றும் பைசா பிசகாமல் போடுகிறார். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்து நூல் விலை பேசுகிறார். மாமனாரிடம் பேசும்போதுகூட வாயில் 'ங்க' வருவதில்லை. எங்காவது தாமதமாகப் போன அவரிடம் 'சீக்கிரமே வந்துவிட்டீர்களே' என்று குத்திச் சொன்னால், மகிழ்ந்து நன்றி சொல்கிறார். அறிக்கையைப் பார்த்த அவர் மனைவி, 'இவருக்கு அறிவே போய்விட்டதா?' என்று கலங்கினார். அறிவு அப்படியே இருக்கிறது, போனது குறிப்பறிதல்.

திருக்குறளில் 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்கும் அதுதான் தலைப்பு. 'சமூக அறிகை' என்பாரும் உண்டு. அறிவாற்றலுக்கு அது தேவலை, ஆனால் சமூகம் என்ற ஒட்டு அப்படியே நிற்கிறது. குறிப்பறிதல் முகபாவத்தோடு நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். 71ஆம் அதிகாரம் 'கூறாமை நோக்கி' என்றல்லவா தொடங்குகிறது? சொல்லாததை அறிவதில் கிண்டல், பொய், மனத்தாங்கல் எல்லாம் அடங்கும். சோதனைகள் அளப்பதும் இவற்றைத்தான். 2001இல் திருத்தி வெளியிடப்பட்ட சோதனை ஒன்றில் 36 படங்களில் கண்களை மட்டும் பார்த்து மனநிலையைச் சொல்ல வேண்டும். 110ஆம் அதிகாரத்துத் தலைவனும் கண்ணைப் பார்த்துத்தானே மனத்தை அறிகிறான்? ஆஸ்திரேலியாவில் உருவான இன்னொன்றில், நடிகர்கள் பேசும் வீடியோவைப் பார்த்து அது கிண்டலா, பொய்யா, மெய்யா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சபையில் அறியாமல் வாய்விடுவதைக் கண்டுபிடிக்கும் கதைகளும் உண்டு.

அகராதியைப் பிரித்துச் சொல்லுக்குச் சொல் ஒட்டுகிறவர்கள் நோயாளியின் வீட்டாரை நினைப்பதே இல்லை. அதே அறிக்கையில் 'பெறப்பட்ட மூளைக் காயம்' என்று வேறு இருந்தது. பட்டமும் பரிசும் பெறலாம், காயத்தையுமா பெறுவார்கள்? பிறவியிலேயே வந்ததல்ல என்பதுதான் செய்தி என்றால், 'பின்னால் நேர்ந்த மூளைக் காயம்' என்று எழுதினால் போதும்.