காஃபில்: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு 'காஃபில்' (coffle) என்ற ஆங்கிலச் சொல் தட்டுப்படாமல் இருக்காது. அடிமைகளை ஒருவரோடொருவர் சங்கிலியால் பிணைத்து, வரிசையாக நடத்திக் கொண்டுபோகும் கூட்டம் என்று பொருள்.

1834 செப்டம்பரில், வர்ஜீனியாவின் நியூ ஆற்றங்கரையில் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்தார் ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹா. இங்கிலாந்தில் பிறந்த நிலவியலாளர். பாறைகளை ஆராயப் போனவர். சுமார் 300 அடிமைகள் காட்டில் இரவைக் கழித்துவிட்டுப் புறப்படத் தயாராக இருந்தார்கள். ஆண்கள் ஏறக்குறைய 200 பேர், கைவிலங்கும் சங்கிலியுமாக, இரட்டை வரிசையில். பெண்கள் சிலர் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் நெருப்பருகே குளிர்காய்ந்தார்கள். ஓட்டிச்செல்பவர்கள் சுருட்டுப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்கள். போகவேண்டிய இடம் மிசிசிப்பிக் கரையிலுள்ள நாச்செஸ். ஆண்கள் சங்கிலியோடுதான் ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவதை அமெரிக்கா 1808-ல் தடை செய்துவிட்டது. ஆனால் தெற்கே பருத்திக்கும் கரும்புக்கும் ஆள் வேண்டும்; வர்ஜீனியாவிலிருந்து ஓட்டிக் கொண்டுபோனார்கள்.

சொல்லின் மூலம் அரபு: 'காஃபிலா', அதாவது பயணக் கூட்டம். 'திரும்பி வருதல்' என்ற வேரிலிருந்து வந்தது. போனவர்கள் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று மங்கலமாக வைத்த பெயர் என்பார்கள் அரபு அகராதிக்காரர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 1797-ல் அடிமைக் கூட்டம் ஒன்றோடு கடற்கரை வரை நடந்த ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க்கும் இந்தச் சொல்லையே எழுதினார். அந்தக் கூட்டத்தில் விற்பனைக்குப் போன அடிமைகள் திரும்பி வரப்போகிறவர்கள் அல்லர்.

தமிழில்? காஃபிலாவுக்கு நம்மிடம் 'சாத்து' இருக்கிறது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் அதுதான். ஆனால் சாத்தில் போகிறவர்கள் வணிகர்கள், சரக்கு வேறு. இங்கே நடப்பவர்களே சரக்கு. ஆகவே 'அடிமைச் சாத்து' எனக்கு ஒப்பவில்லை.

'தளைநிரை' என்பேன். தளை என்றால் கைகால்களைப் பிணைக்கும் விலங்கு. நிரை என்றால் வரிசை. ஆநிரை என்னும்போது மாட்டு மந்தையும் கூட. அந்தச் சுருட்டுக்காரர்களை ஆங்கிலத்தில் குறித்த 'டிரைவர்' என்ற சொல்லும் மாடு ஓட்டுபவர்களுக்கு வழங்கியதே. சொல் புதிது என்பதால், முதல்முறை எழுதும்போது 'சங்கிலியால் பிணைத்த அடிமைக் கூட்டம்' என்று பக்கத்தில் விளக்கிவிட்டால் போதும்.