25 மாடி மரக் கட்டடம்: தீப்பிடித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் மில்வாக்கி, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் நடுத்தர நகரம். மக்கள் தொகை ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பீருக்கும் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளுக்கும் பேர் போன ஊர். வானளாவிய கட்டடம் பார்க்க யாரும் அங்கே போவதில்லை. அந்த ஊரின் மையப் பகுதியில் 2022-இல் ‘அசென்ட்’ என்ற சொகுசுக் குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டது. 25 தளங்கள், 86.6 மீட்டர் உயரம், 259 வீடுகள், ஏழாம் தளத்தில் நீச்சல் குளம். பணக்காரக் குடியிருப்பு என்றால் இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை மரம். அதைத் தாங்கும் உத்தரம் மரம். உத்தரத்தைத் தாங்கும் தூணும் மரம்.

நார்வேயில் 85.4 மீட்டர் உயரத்தில் நிற்கும் மியோஸ்டோர்னெட்டை ஒரு மீட்டர் சொச்சத்தில் முந்தி, உலகின் மிக உயரமான மரக் கட்டடம் என்ற பட்டத்தை அசென்ட் வாங்கியது. இந்தப் பட்டத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே பார்க்கிங் உள்ளிட்ட ஆறு தளங்கள் கான்கிரீட். லிப்டும் படிக்கட்டும் ஓடும் சுவர்க்கூண்டும் அடியிலிருந்து உச்சி வரை கான்கிரீட்தான். மேலே உள்ள 19 தளங்கள்தான் மரச்சட்டகம்.

சரி, யாருக்கும் முதலில் வரும் கேள்விக்கே வருவோம். மரம் எரியுமே?

எரியும். ஆனால் எப்படி எரிகிறது என்பதுதான் முக்கியம். விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சுள்ளி ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். தொடை தடிமன் கட்டையோ, தனியாக வைத்தால் கொஞ்சம் கருகிவிட்டு அணைந்துபோகும். மரத்தின் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளியேற்றிவிட்டுக் கரியாக மாறுகிறது. நாம் பார்க்கும் சுவாலை பெரும்பாலும் அந்த வாயுக்கள் எரிவதுதான். மிஞ்சும் கரி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அது அடுக்காகச் சேரச் சேர, உள்ளே இருக்கும் மரத்துக்கு அதுவே போர்வை. கரி முடியும் இடத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் உள்ளே போனால் மரம் ஏறக்குறைய அறை வெப்பநிலையிலேயே இருக்கும். வெளியே தூண் எரிந்துகொண்டிருக்கும்போதே இந்த நிலை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு வசதி, இந்தக் கருகும் வேகம் ஓரளவு சீரானது. ஸ்புரூஸ் போன்ற மென்மரங்களில் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் என்பது ஐரோப்பியப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. எனவே தூணை வடிவமைக்கும்போதே, எரிந்துபோகப் போகும் பகுதியையும் சேர்த்துத் தடிமன் கொடுத்துவிடலாம். 60 சென்டிமீட்டர் சதுரத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம் (இது என் உதாரணம், அசென்டின் அளவு அல்ல). நாலு பக்கமும் தீ சூழ்ந்து மூன்று மணி நேரம் எரிந்தால் பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் போகும். நடுவில் 36 சென்டிமீட்டர் சதுரம் மிஞ்சும். பரப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். கரியை ஒட்டிய சூடேறிய மரத்தையும் கழித்துவிட்டு, மீதி நடுத்தண்டு மேலே உள்ள சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்கவில்லை என்றால் தூணைப் பருமனாக்க வேண்டியதுதான். உருக்கு எரியாது, ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போது பலத்தில் பாதியை இழந்து துவண்டுவிடும். அதனால்தான் உருக்குத் தூணுக்கு மேல்பூச்சோ உறையோ கட்டாயம்.

மூன்று மணி நேரம் என்பதும் சும்மா எடுத்த எண் அல்ல. அசென்டுக்காகப் பக்கத்து நகரமான மேடிசனில், 1910 முதல் இயங்கும் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம், பலகைகளை ஒட்டிச் செய்த மரத் தூண்களை மூன்று மணி நேரத் தீச்சோதனைக்கு உட்படுத்தியது. 2021-ஆம் ஆண்டின் அமெரிக்க மாதிரிக் கட்டட விதி (மாநிலங்களும் நகரங்களும் தங்கள் சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வது) மரத்துக்கு அதிகபட்சம் 18 தளங்களைத்தான் அனுமதித்தது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் நகர நிர்வாகத்திடம் கையில் ஆதாரத்தோடுதான் நிற்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரே மரத்தை அறுத்துத் தூண் செய்வதில்லை. பலகைகளை நார் ஒரே திசையில் ஓடும்படி அடுக்கிப் பசையால் ஒட்டினால் தூணும் உத்தரமும். ஓர் அடுக்குக்கு அடுத்த அடுக்கைக் குறுக்காக மாற்றி மாற்றி ஒட்டினால் தரைப் பலகை. குறுக்கே ஒட்டுவதற்குக் காரணம் உண்டு: மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் நன்றாகவே சுருங்கும். பக்கத்து அடுக்கு அதைப் பிடித்து நிறுத்துகிறது.

பலவீனமும் அந்தப் பசையில்தான் இருந்தது. ஆரம்ப காலச் சோதனைகளில் சில வகைப் பசைகள் சூட்டில் இளகி, கருகிய அடுக்கு அப்படியே கழன்று விழுந்தது. போர்வை விழுந்ததும் கருகாத புதுமரம் தீக்கு முன்னால் வந்துவிடும். அணையப்போன தீ மறுபடி எழும். என் பார்வையில், மரக் கட்டடங்களைப் பற்றிய நியாயமான பயம் என்றால் இதுதான். 2018-இல் வட அமெரிக்கத் தரவிதி மாற்றப்பட்டு, தீயில் கழலாத பசைகளுக்கு மட்டுமே இடம் என்றானது. அடுத்த பலவீனம் இணைப்புகள். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் உருக்குத் தகடும் திருகாணியும்தான் வேலை செய்கின்றன. வெளியே தெரிந்தால் அவை சூட்டை மரத்துக்குள்ளே கடத்திவிடும். எனவே மரத்தைக் குடைந்து அவற்றை உள்ளே புதைத்துவிடுகிறார்கள்.

தீயைத் தாண்டிய சிக்கல்களும் உண்டு. மரத்தின் எடை கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். அஸ்திவாரத்துக்கு அது நல்லது. மேலே அது தொல்லை: லேசான கட்டடத்தைக் காற்று வேகமாக அசைக்கும். இடிந்து விழாது, ஆனால் உச்சி மாடிக்காரருக்குத் தலை சுற்றும். நார்வேக் கட்டடத்தின் மேல் ஏழு தளங்களுக்குக் கான்கிரீட் தரை போட்டது எடை கூட்டத்தான். அசென்டில் அசைவைக் கட்டுப்படுத்துவது அந்தக் கான்கிரீட் கூண்டு. ஒலியும் அப்படித்தான். மெல்லிய, லேசான தரை வழியே மேல்வீட்டுக் காலடி கீழே கேட்கும். இத்தனை வாடகை கொடுப்பவர் அதைப் பொறுக்கமாட்டார். அதனால் இப்படிப்பட்ட கட்டடங்களில் மரத் தரைமேல் ஒலி உறிஞ்சும் விரிப்பு, அதன்மேல் மெல்லிய காரை என்று போடுகிறார்கள்.

தரைப் பலகைகளும் தூண்களும் ஆஸ்திரியாவிலிருந்து கப்பலில் வந்தவை. மிச்சிகன் ஏரிக்கு வடக்கே அவ்வளவு காடு இருக்க, அட்லாண்டிக்கைத் தாண்டி மரம் வருவது வேடிக்கைதான். இந்தத் தொழில் 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. ஆலையும் அனுபவமும் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

சொகுசுக்கும் இந்த அறிவியலுக்கும் நேரடி உரசல் ஒன்று இருக்கிறது. மரத்தை ஜிப்சம் பலகையால் முழுக்க மூடிவிட்டால் தீக்கணக்கு எளிது, மரம் எரிய ஆரம்பிக்கவே நேரமாகும். ஆனால் மரம் தெரிகிறது என்பதற்காகத்தானே வாடகைக்காரர் கூடுதல் பணம் கொடுக்கிறார்! வெளியே தெரியும் ஒவ்வொரு சதுர மீட்டரும் சோபா, கட்டில், அலமாரி எரியும்போது கூடவே எரியும் விறகு. அதனால் எவ்வளவு மூடுவது, எவ்வளவு காட்டுவது என்பதில்தான் பேரமே நடக்கிறது. 2017-இல் மேரிலாந்தில் இரண்டு மாடி மர அபார்ட்மென்டுகளை நிஜ அளவில் கட்டி, சாமான்களோடு கொளுத்திப் பார்த்தார்கள். சிலவற்றில் மரம் மூடப்பட்டிருந்தது, சிலவற்றில் தெரிந்தது, சிலவற்றில் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீச்சூட்டில் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் குழாய், இருந்தது. ஸ்பிரிங்க்ளர் வேலை செய்த இடத்தில் தீ பெரிதாகவே இல்லை. அப்புறம் வந்த விதிகளில் இந்தச் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 12 தளம் வரையிலான மரக் கட்டடங்களில், தரைப் பரப்பில் 20 சதவீத அளவுக்குத்தான் கூரை மரத்தை மூடாமல் விடலாம் என்றது 2021 விதி. 2024 விதியில் அது 100 சதவீதம்.